நுனி நறுக்கிய மயிலிறகுகள்

எங்கள் வீட்டில் எனக்கு சி.ஐ.டி. என்று பெயர். வைத்தவர் மாமா, அதாவது அம்மாவின் தம்பி. பெயருக்குக் குறைவில்லாமல் நானும் நடந்துகொண்டேன். பால்காரர் பாலை அளக்கும்போது கட்டைவிரலைப் படிக்குள் விடுகிறாரா என்று குனிந்து பார்ப்பேன். பழைய பேப்பர்காரர் வந்தால் தராசுத் தட்டைத் தூக்கி அடியில் புளி ஒட்டியிருக்கிறதா என்று தடவுவேன். கண்ணாமூச்சி ஆடினால் கண்ணைக் கட்டிய துணிக்குள் விரலை விட்டு இடைவெளி இருக்கிறதா என்று சோதிப்பேன். என்னோடு விளையாடக் கூட்டாளிகள் அதிகம் கிடையாது. அவர்கள் எல்லோரும் சேர்ந்து என்னை ஒதுக்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள் என்று அதையும் சந்தேகித்தேன்.

இவ்வளவு திறமை இருந்தும் நான் துப்புத் துலக்கியது எதுவும் இல்லை. ஒரே ஒரு முறை, பத்து வயதில், ஒரு கொலையைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். அதனால் மாமாவுக்கு வரவேண்டிய வேலை வராமல் போயிற்று.

எங்கள் ஊர் கே.ஜி.கண்டிகையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கிற தூரத்தில் இருக்கிறது. நைனாவுக்கு அங்கே இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். நைனா என்றால் அப்பா. ஆந்திரா பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் வீடுகளில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். நிலம் முடிகிற இடத்தில் வெள்ளையடித்த எல்லைக்கல் ஒன்று உண்டு. கல்லுக்கு அந்தப் பக்கம் காப்புக்காடு. அதில் ஒரு சுள்ளி ஒடித்தாலும் குற்றம்.

காடு என்றதும் வானத்தைத் தொடும் மரங்களையும் அருவியையும் நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். வெளியில் இருந்து பார்த்தால் வெறும் முள்ளுக்காடு. களாவும் காரையும் சூரைமுள்ளும் பின்னிக்கொண்டு ஆளை உள்ளே விடாது. அந்த முள்வேலியைத் தாண்டிவிட்டால் உசில் வரும், நாவல் வரும், பிறகு பாலை மரங்கள் வரும். சில பாலை மரங்களை மூன்று பேர் கைகோத்தால்தான் சுற்றி வளைக்க முடியும். ராஜாக்கள் காலத்துக்கு முன்னால் இருந்தே நிற்கிறவை என்று மாமா சொல்வார். எந்த ராஜா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அப்போதே மனதில் குறித்துக்கொண்டேன்.

ஆனால் ராஜாக்களைத் தவிர அந்தக் காட்டைப் பற்றி மாமாவுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. எந்தப் புற்றில் உடும்பு இருக்கிறது, எந்தப் பாறை இடுக்கில் முள்ளம்பன்றி குட்டி போட்டிருக்கிறது, மழை விட்ட மறுநாள் நட்சத்திர ஆமைகள் எந்தத் தடத்தில் நடந்து வரும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டவர், பிறகு பள்ளிக்கூடத்தின் பக்கமே போகவில்லை; காட்டுக்குள் போனார். வனத்துறைக்காரர்கள் அவரைக் கூலிக்கு வைத்துக்கொண்டார்கள். கோடை வந்தால் தீ பரவாமல் இருக்கச் சருகைக் கூட்டிப் பாதை வெட்டுவார். மான்களுக்குத் தொட்டியில் தண்ணீர் ஊற்றுவார். அங்கே இருந்த வனவருக்கு மாமாமேல் தனிப் பிரியம். ஆடிக் கிருத்திகை முடிந்ததும் அவரை நிரந்தர வாட்ச்சராக எடுத்துக்கொள்ள எழுதியிருப்பதாகச் சொல்லியிருந்தார்.

அந்த வேலைக்காகத்தான் வீடே காத்திருந்தது. பள்ளிப்பட்டில் மாமாவுக்கு ஒரு பெண் பார்த்து வைத்திருந்தார்கள். வேலை வரட்டும், தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம் என்று பெண் வீட்டில் சொல்லியிருந்தார்கள். காக்கிச் சட்டைக்குத் துணி எடுத்தாயிற்று என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். உண்மையில் துணி எடுக்கவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டேன்.

எங்கள் வீட்டுக்கு ஊரில் ஒரு முறை உண்டு. ஆடிக் கிருத்திகைக்கு ஊரிலிருந்து காவடிகள் நடந்தே திருத்தணி மலைக்குப் போகும். காவடியின் இரண்டு முனையிலும் கட்ட மயிலிறகு கொடுப்பது எங்கள் வீடுதான். மயில்கள் புரட்டாசி, ஐப்பசியில் தோகையை உதிர்க்கும். மாமா வயலிலும் ஏரிக்கரையிலும் கிடப்பதைப் பொறுக்கி வந்து, வேப்பிலை போட்டுக் கட்டி, அடுத்த ஆடி வரைக்கும் பரணில் வைத்திருப்பார். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் விழுந்ததை எடுக்கவே மாட்டார். ஒரு முறை கல்லைத் தாண்டி ஒரு முழ தூரத்தில் நல்ல நீள இறகு ஒன்று கிடந்தது. நான் எட்டி எடுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"உள்ள வுழுந்தது உள்ளயே கெடக்கட்டும் பாப்பா. அது நம்மளுது இல்ல."

ஒரு மனிதர் இவ்வளவு நேர்மையாக இருக்க முடியுமா என்று எனக்கு அன்றைக்கே சந்தேகம் தட்டிவிட்டது.

அந்த வருடம் ஆடி பிறந்ததும் நல்ல மழை. நைனா வேர்க்கடலை விதைத்தார். மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் மயில்கள் வரிசை பிடித்தாற்போல் சால் சாலாகக் கிளறி அவ்வளவு வித்தையும் தின்றிருந்தன. அவற்றை விரட்டலாமே தவிர அடிக்க முடியாது. சட்டமும் விடாது, ஊரும் விடாது. நைனா வரப்பில் நின்றுகொண்டு மலைப்பக்கம் பார்த்துச் சொன்னார்.

"வண்டி அவருது. தீனி மட்டும் நம்ம செலவு."

மலையில் இருப்பவரைத்தான் சொன்னார். சிரிப்பாகச் சொல்லவில்லை. கடன் சொல்லி மறுபடியும் வித்து வாங்கி வந்தார். அதையும் தின்றுவிட்டால் அந்த வருடம் நிலம் தரிசுதான் என்பது எனக்கே தெரியும். முதல் விதைப்பின்போது பள்ளிக்கூடம் போகும் முன் தகரத் தட்டைத் தட்டிக்கொண்டு காவல் இருந்தது நான்தான். என் காவலின் லட்சணத்தைப் பற்றி அம்மா பல நாள் பேசினாள்.

இரண்டாம் விதைப்பு முடிந்த அன்று நைனா என்னிடம், "நீ நெலத்துக்குப் போவாத. இனிமே அதுங்க வராது," என்றார். சாப்பிட உட்காரும் முன் மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவினார். வித்தைக் கலந்து வைத்திருந்த அலுமினியக் குண்டானை அம்மா வேலியோரம் வீசி எறிந்தாள். நல்ல குண்டானை ஏன் எறிய வேண்டும்? ஓட்டையாக இருக்குமோ என்று போய் எடுத்துப் பார்த்தேன். ஓட்டை இல்லை. அதற்குள் அம்மா ஓடி வந்து முதுகில் ஒன்று வைத்து, கிணற்றடிக்கு இழுத்துப் போய் என் கையைத் தேய்த்துக் கழுவினாள். எனக்குக் குண்டானைப் பற்றிய சந்தேகம் மறந்து அம்மாமேல் கோபம் வந்துவிட்டது. இப்போது நினைத்தால், என்னைப் போல ஒரு சி.ஐ.டி. எந்த ஊரிலும் இருந்திருக்க மாட்டாள்.

போகாதே என்று சொன்ன இடத்துக்குப் போகாமல் இருக்க என்னால் முடியாது. மறுநாள் விடிந்ததும் கொல்லைப் பக்கமாக நழுவி நிலத்துக்குப் போனேன். எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கமே, வரப்பில், நான்கு மயில்கள் கிடந்தன. மூன்று பெட்டை, ஒரு சேவல். காயம் எதுவும் இல்லை. சேவலின் தோகை வரப்பின் மேல் நீளமாகக் கிடந்தது; ஈரம் படிந்திருந்தது. கழுத்து மட்டும் கோணலாகத் திரும்பி இருந்தது. எனக்கு அழுகை வந்தது. யாரோ வருகிற சத்தம் கேட்டதும் அழுகையை நிறுத்திவிட்டு ஆவாரம் புதருக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

வந்தவர் மாமா. தோளில் மண்வெட்டி, கையில் கோணிப்பை. மயில்களைப் பார்த்து அவர் திடுக்கிடவில்லை. அதுதான் எனக்கு முதல் தடயம். குந்தி உட்கார்ந்து சேவலின் கழுத்தை நேராக்கி வைத்தார். நிலத்தைப் பார்த்தார். பிறகு எங்கள் வீடு இருக்கும் திசையைப் பார்த்தார், கொஞ்ச நேரம். யாரும் வருகிறார்களா என்று பார்க்கிறார் என முடிவு செய்தேன். அப்புறம் ஒவ்வொன்றாகக் கோணிக்குள் போட்டுக்கொண்டு, தோகை வெளியே தொங்க, எல்லைக்கல்லைத் தாண்டிக் காட்டுக்குள் நடந்தார்.

நானும் பின்னால் போனேன். மாமாவோடு பல தடவை கல்லோரம் வரைக்கும் போயிருக்கிறேன், தனியாக உள்ளே போனது அன்றுதான். களாமுள் பாவாடையைப் பிடித்து இழுத்தது. இரண்டடிக்கு ஒரு சிலந்திவலை முகத்தில் ஒட்டியது. காலடியில் கௌதாரிகள் சடசடவென்று எழும்பின. கத்திவிடாமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டேன். எங்கேயோ செம்போத்து கூவிக்கொண்டே இருந்தது. ஒரு நட்சத்திர ஆமை பாதையின் நடுவில் நின்று காளானைக் கடித்துக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. இன்னொரு நாளாக இருந்தால் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அன்று அந்தக் காட்டில் இருக்கிற எல்லாமே எதையோ தெரிந்துகொண்டு என்னிடம் சொல்லாமல் இருப்பதாகத் தோன்றியது.

பெரிய பாலை மரத்தடியில் மாமா நின்றார். கோணியை இறக்கிவிட்டுக் குழி தோண்ட ஆரம்பித்தார். முழங்கால் ஆழம் போதாதென்று இடுப்பு ஆழத்துக்குத் தோண்டினார். பாதி தோண்டும்போது ஒரு நரி வந்தது. மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்துக்கொண்டு கோணியை நோக்கி மெல்ல வந்தது. மாமா ஒரு கல்லை எடுத்து அதன்மேல் வீசினார். நரி ஓடியது. திரும்பி வந்தது. மறுபடியும் வீசினார், இந்த முறை கத்திக்கொண்டே. எங்கள் வீட்டு நாயைக்கூட அதட்டாத மனிதர். நரி குட்டிகளை எனக்குக் காட்டுவதற்காக ஒரு மணி நேரம் அசையாமல் என்னோடு படுத்துக் கிடந்தவர். அவர் கல் எறிந்ததைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. அதற்கு மேல் நிற்காமல் வந்த வழியே ஓடினேன்.

வீட்டுக்கு வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வழக்கை முடித்தேன். கிருத்திகைக்கு இறகு வேண்டும். மாமா மயில்களைக் கொல்கிறார். தோகையைப் பிடுங்கிக்கொண்டு உடலைக் குழியில் மறைக்கிறார். நரிக்குக்கூட ஒரு துண்டு கொடுக்க மனமில்லை. "உள்ள வுழுந்தது உள்ளயே கெடக்கட்டும்" என்றதெல்லாம் நாடகம். வாட்ச்சராகப் போகிறவரே திருடன். இதில் கொடுமை என்னவென்றால், உலகத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த ஆள் அவர்தான்.

சொன்னால் அவரை ஜெயிலில் போடுவார்கள். சொல்லாவிட்டால் மயில்களுக்கு நியாயம் கிடைக்காது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இன்னாடி சி.ஐ.டி., புதுசா எதனா கேசா?" என்று கேட்டபோது எழுந்து உள்ளே போய்விட்டேன். அவர் முகம் வாடியது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் போனேன்.

கிருத்திகைக்கு நான்கு நாள் இருக்கும்போது வனவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா டீ போட்டுக் கொடுத்தாள். புதிதாக வந்திருக்கும் ரேஞ்சர் கறாரானவர் என்றும், மலையடிவாரத்தில் மயிலிறகு விற்கிறவர்களை எல்லாம் சோதிக்கப் போகிறார் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"எப்டி சார் கண்டுபுடிப்பீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"எறகோட அடி நுனியப் பாத்தா போதும்மா. கொன்னு பிடுங்கினதா இருந்தா அடிக்குருத்துல ரத்தம் காஞ்சு ஒட்டிகினு இருக்கும்."

மாமா சிரித்தார். "நம்ம வூட்டுத எத்தினி வாட்டி வேணாலும் பாருங்க சார்."

இந்தச் சிரிப்பு எப்படி வருகிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவருக்கு நெஞ்சழுத்தம் அதிகம் என்று நினைத்தேன். உண்மையில் அடுத்த வார்த்தையும் வனவர் சொல்லியிருப்பார். நான் அதற்குள் பரண் ஏணியை நோக்கிப் போய்விட்டேன்.

அன்று மத்தியானம் அம்மா துணி துவைக்கப் போயிருந்தாள், நைனாவும் மாமாவும் நிலத்தில் இருந்தார்கள். பரணில் ஏறி இறகுக்கட்டுகளைப் பிரித்தேன். நுனிகளைப் பார்த்தேன். பல இறகுகளின் அடியில் கறுப்பாக ஏதோ இருந்தது. பத்து மாதம் அடுப்புப் புகை ஏறிய பரணில் இருந்தால் எதுதான் கறுக்காது? ஆனால் ரத்தம் காய்ந்தால் கறுப்பாகத்தானே இருக்கும் என்று நான் யோசித்தேன். அம்மாவின் தையல் கத்தரிக்கோலை எடுத்து வந்து, ஒவ்வொரு இறகின் நுனியையும் இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்கினேன். முந்நூறுக்கு மேல் இருந்தது. கட்டைவிரலில் கொப்புளம் கிளம்பி உடைந்தது. நறுக்கிய துண்டுகளைப் பாவாடையில் வாரி அடுப்பில் போட்டேன். முடி கருகின நாற்றம் வந்தது. மாமாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு அன்று வந்த நிம்மதியை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. இரண்டு நாளுக்குப் பிறகு அன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

கிருத்திகைக்கு முதல்நாள் காலையில் பிள்ளையார் கோயில் முன்னால் காவடி கட்ட ஊரே கூடியிருந்தது. மாமா குளித்துவிட்டு ஈர வேட்டியோடு இறகுக்கட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். அந்த நேரம் பார்த்து வனவரும் ரேஞ்சரும் ஜீப்பில் வந்தார்கள். சோதனைக்கு வரவில்லை. வாட்ச்சர் வேலைக்கு எழுதியிருக்கும் ஆளை நேரில் பார்க்கலாம் என்று வனவர்தான் அழைத்து வந்திருந்தார். ரேஞ்சர் மாமாவிடம் இரண்டு வார்த்தை நன்றாகவே பேசினார். பேசிக்கொண்டே கட்டிலிருந்து ஒரு இறகை உருவி, கைப்பழக்கத்தில் அதைத் தலைகீழாகத் திருப்பினார். பேச்சு நின்றது. இன்னொன்றை உருவினார். மூன்றாவதை உருவினார்.

"இதை யார் வெட்டினது?"

மாமா ஒன்றை வாங்கிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவசரமாகக் கட்டுகளைப் பிரித்து அடியைப் பார்த்தார். எல்லாம் ஒரே சீராக நறுக்கப்பட்டிருந்தன.

"தானா உதிர்ந்த இறகோட நுனி உருண்டையா, சுத்தமா இருக்கும்," என்றார் ரேஞ்சர். "அதுதான் அத்தாட்சி. அதை வெட்டறவன் எதையோ மறைக்கத்தான் வெட்டுவான். உங்க ஆளுக்கு இது தெரியாதா?"

கடைசிக் கேள்வி வனவருக்கு. அவர் மாமாவைப் பார்த்தார். அடுப்பில் எரித்ததாக மூன்று நாளாக நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு, உண்மையில் எரித்தது வேறு என்பது மட்டும் புரிந்தது. மாமாவின் பார்வை கூட்டத்தில் ஒவ்வொருவராகத் தாண்டி என்னிடம் வந்து நின்றது. பிறகு இறங்கி என் கட்டைவிரலில் சுற்றியிருந்த துணியில் நின்றது.

"நான்தான் சார் வெட்னேன்," என்றார். "காவடில கட்டறதுக்கு வாகா இருக்கும்னு."

"இந்தப் பக்கத்துல சமீபத்துல மயில் எதனா செத்துக் கெடந்துச்சா?" என்று ரேஞ்சர் கேட்டார்.

"இல்லீங்க சார்."

பக்கத்தில் நின்றிருந்த நைனா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று யாரோ மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். மச்சானுக்கு வந்த கஷ்டம் அவருக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்து எனக்கு நைனாமேல் பாசம் பொங்கியது.

ரேஞ்சர் கேஸ் போடவில்லை. வனவர் கெஞ்சியதற்காக விட்டார். இறகுகளை மட்டும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள். "வேலைக்கு வேற ஆளைப் பாருங்க," என்று அவர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. அந்த வருடம் எங்கள் ஊர்க் காவடிகள் பூ மட்டும் கட்டிக்கொண்டு மலையேறின. மலையடியில் சரவணப் பொய்கைப் படியில், மற்ற ஊர்க் காவடிகளின் தோகைகளுக்கு நடுவே எங்கள் காவடிகள் மொட்டையாக நின்றதைப் பார்க்க முடியாமல் நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிப்பட்டுப் பெண் வீட்டாரிடமிருந்து பிறகு ஆள் வரவில்லை. மாமா கொஞ்ச நாள் ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் ஓட்டப் போனார். பிறகு ஆட்டோ ஓட்டினார். காட்டுக்குள் அவர் மறுபடியும் போகவில்லை.

நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. என்னைக் காப்பாற்ற மாமா பழியை ஏற்றுக்கொண்டார், அவரைக் காப்பாற்ற நான் கொலையை மறைக்கிறேன், கணக்குச் சரியாகிவிட்டது என்று பத்து வயதில் ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டேன். ஆனாலும் இரவில் தூங்கும் முன் அந்த நரியின் ஞாபகம் வரும். பெரியவளான பிறகும், அவர் எனக்குக் கல்யாணச் சீர் தூக்கி வந்தபோதும், என் மகளை ஆட்டோவில் வைத்து ஊர் சுற்றிக் காட்டியபோதும், உள்ளே ஒரு ஓரத்தில் அவர் மயில்களைக் கொன்றவர்தான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

வீட்டிலும் அதற்குப் பிறகு சில மாறுதல்கள் நடந்தன. நைனா அதுவரைக்கும் மாமாவை அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தவர், அப்புறம் ஒரு நாளும் குரல் உயர்த்தவில்லை. கடலை பிடுங்கினால் முதல் மூட்டை மாமாவுக்குப் போகும். மாமா ஏதோ மிரட்டுகிறார் போலிருக்கிறது என்று நான் சந்தேகப்பட்டேன். அடுத்த வருடத்திலிருந்து எல்லைக்கல்லை ஒட்டிய கால் ஏக்கரை நைனா விதைக்கவில்லை. கேட்டபோது, "அது வெளையாத மண்ணு," என்றார். அதை மட்டும் நம்பினேன்.

நைனா இந்தத் தை மாதம் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த மறுநாள், மாமாவும் நானும் நிலத்துப் பக்கம் நடந்தோம். அவருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. எல்லைக்கல் வந்ததும் அனிச்சையாக நின்றுகொண்டார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, கத்தரிக்கோல் விஷயத்தை முழுவதும் சொல்லிவிட்டேன். குழி தோண்டியதைப் பார்த்ததையும் சொன்னேன்.

"கத்திரிக்கோலு அன்னிக்கே தெரியும்," என்றார். "வெரல்ல துணி சுத்திகினு நின்னியே. ஆனா நீ குழியப் பாத்தது இப்பதான் தெரியுது. பாத்துருப்பியோன்னு ஒரு பயம் இருந்துச்சி. இருட்டோட ஒரு வாட்டி பாத்துட்டுப் போய்தான் மம்முட்டி எடுத்தாந்தேன்."

"அப்ப ஏன் மாமா நீங்க வெட்டினதா சொன்னீங்க? என்ன அடிப்பாங்கன்னா?"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"உன்ன யாரு அடிக்கப் போறா? சின்னக் கொயந்த. நீதான்னு சொல்லியிருந்தா, ஏன் வெட்னன்னு கேட்டுருப்பாங்க. நீ எதனா பாத்துருந்தா சொல்லியிருப்ப. நேரா போய்க் குழியத் தோண்டியிருப்பாங்க. பூச்சி மருந்து கலந்த வித்து அதுங்க வயித்துல இருக்கும் இல்ல? பாவா ஜெயிலுக்குப் போயிருப்பாரு. அக்கா உன்ன வெச்சிகினு இன்னா பண்ணியிருக்கும்?"

பாவா என்றது நைனாவைத்தான். குண்டானும், சோப்பும், கிணற்றடியில் அம்மா என் கையைத் தேய்த்ததும் ஒன்றன்பின் ஒன்றாக எனக்கு ஞாபகம் வந்தன. என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

"அந்த நரி மேல கல்லு எறிஞ்சீங்களே?"

"வேற இன்னா பண்றது? அது தின்னா அதுவும் சாவும். அதக் கொத்தற கழுகும் சாவும். அதுக்குத்தான் அவ்ளோ ஆழமா தோண்டுனேன்." காட்டுப் பக்கம் கையைக் காட்டினார். "தோகையோடதான் பொதைச்சேன் பாப்பா. ஒரு எறகு எடுக்கல."

"நைனாவுக்கு இது தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும். ஒரு வார்த்த பேசிக்கல."

எதிரே அந்தக் கால் ஏக்கரில் நான்கைந்து மயில்கள் கிளறிக்கொண்டிருந்தன. எங்களைப் பார்த்து அவை பயப்படவில்லை. வெறும் தரிசில் அப்படி என்ன கிடைக்கிறது என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். மண்ணில் உடைந்த கடலைத் தோல்கள் அடுக்கடுக்காகக் கிடந்தன. மேலே இருந்தவை புதியவை. அடியில் இருந்தவை பல வருடத்துப் பழையவை, மக்கி மண்ணோடு மண்ணாகிக்கொண்டிருந்தன. ஆடி மாதம் பிறந்தால் நைனா விடியற்காலையில் தோளில் ஒரு சின்ன மூட்டையோடு நிலத்துக்குப் போய் வெறுங்கையோடு வருவார். சிறு வயதில் கொட்டக் கொட்ட விழித்துப் படுத்திருந்து அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எங்கே போகிறார், எதை வைத்துவிட்டு வருகிறார் என்று ஒரு நாள்கூட நான் பின்னால் போய்ப் பார்க்கவில்லை.